தடை ஓட்ட வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்களுக்கான 110 மீட்டர் தடை ஓட்டத்தில் 1.067 மீட்டர் உயரமுள்ள பத்துத் தடைகள் 9.14 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவே மூன்றே எட்டுகள். பெண்களின் 100 மீட்டரில் உயரம் 0.838 மீட்டர், இடைவெளி 8.5 மீட்டர். எந்த நாட்டில் ஓடினாலும் இந்த அளவுகள் மாறுவதில்லை என்பதால், இளம் வயதில் படியும் தவறான பழக்கம் சர்வதேசப் போட்டி வரை கூடவே வந்துவிடுகிறது.

அவற்றில் முதலாவது, தடையைக் கண்டதும் குதிப்பது. 18 வயதுக்குட்பட்ட ஆண்களுக்குத் தடை 0.914 மீட்டர்தான், நல்ல வேகமுள்ள பையன் அதைக் குதித்தே கடந்து பதக்கமும் வாங்கிவிடுவான். ஆனால் காற்றில் மிதக்கும் நேரம் முழுவதும் வேகம் குறைகிறது. தடைக்குச் சற்றுத் தள்ளியே தரையை உதைத்து, முன்கால் முழங்காலை முதலில் செலுத்தி, தடையை ஒட்டினாற்போல் கடந்து, அந்தக் காலை உடனே தரையில் ஊன்றும் பழக்கம் அந்த வயதிலேயே வர வேண்டும்.

இரண்டாவது, கடைசித் தடைகளில் எட்டைச் சுருக்காமல் விடுவது. ஓட்டத்தின் வேகம் கூடக் கூட, தடை காலடிக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியில் முன்னணியில் ஓடிய அமெரிக்காவின் லோலோ ஜோன்ஸ், ஒன்பதாவது தடையில் கால் இடறி ஏழாவதாக முடித்தார். வேகம் வந்த பிறகு எட்டை நீட்டாமல், விரைவாக வைத்துப் பழகுவதே இதற்கு வழி.

கை வீச்சையும் கவனிக்க வேண்டும். 2011 தேகு உலகப் போட்டியில் முதலாவதாக வந்த கியூபாவின் டைரன் ரோப்லெஸ், பக்கத்துப் பாதையில் ஓடிய சீனாவின் லியு ஷியாங்கின் மீது கை பட்டதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

நம் வீரர்கள் அதிகம் இழப்பது விதிகளில் கவனம் வைக்காததால்தான். ஆந்திரத்தின் ஜோதி யர்ராஜி 2020-ல் ஓடிய 13.03 நொடி, ஊக்கமருந்துப் பரிசோதனை நடக்காததால் தேசிய சாதனையாக ஏற்கப்படவில்லை. 2022-ல் ஓடிய 13.09 நொடி, பின்னாலிருந்து தள்ளும் காற்றின் வேகம் நொடிக்கு 2.0 மீட்டர் என்ற வரம்பைத் தாண்டி 2.1 இருந்ததால் போயிற்று. காற்று எவர் கையிலும் இல்லை; பரிசோதனைக்கு ஏற்பாடு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது பயிற்சியாளரின் கையில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வலியோடு களமிறங்குவது. லியு ஷியாங் 2004-ல் ஏதென்ஸில் 12.91 நொடியில் தங்கம் வென்றவர், 2006-ல் 12.88 என்று உலக சாதனை படைத்தவர். சொந்த நாட்டின் 2008 ஒலிம்பிக்கில் குதிகால் தசைநார் வலி தாங்காமல், ஒரு தடையையும் தாண்டாமல் வெளியேறினார். 2012 ஜூனில், வரம்பு மீறிய காற்றின் துணையோடுதான் என்றாலும், 12.87 நொடியில் ஓடினார். இரண்டே மாதத்தில், லண்டனில் முதல் தடையிலேயே விழுந்து, ஒற்றைக் காலில் நொண்டியபடி எல்லைக் கோடு நோக்கிப் போய், கடைசித் தடையைக் குனிந்து முத்தமிட்டார். ஒரு நாடே காத்திருக்கும்போது விலகுவது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தே சொல்கிறேன்: நேரம் நன்றாக வருவது தசைநார் தேறிவிட்டது என்பதற்குச் சான்றாகாது.

ஆஸ்திரேலியாவின் சாலி பியர்சன், ஒலிம்பிக் தங்கத்தைக் காக்க வேண்டிய 2016 ரியோ போட்டியிலிருந்து தொடைத் தசைக் காயத்தால் முன்னதாகவே விலகினார். மறு ஆண்டு, லியு விழுந்த அதே லண்டன் மைதானத்தில், 12.59 நொடியில் உலகப் பட்டம் வென்றார்.