கம்மி விலை ஐஇஎம் வாங்கிருக்கீங்களா, பாட்டு கேக்குறதுக்கு முன்னாடி காது டிப்ப பாருங்க

புது ஐஇஎம் (காது ஓட்டைக்குள்ள சொருகுற இயர்ஃபோன்) டப்பாவ பிரிச்ச உடனே எல்லாரும் பண்றது ஒண்ணுதான், அதுல ஏற்கனவே மாட்டிருக்குற டிப்போட (காதுக்குள்ள போற மெத்துன்னு இருக்குற மூடி) அப்படியே காதுல சொருகி பிடிச்ச பாட்ட போட்டு ஒரே நிமிஷத்துல "பேஸே இல்ல"ன்னோ "செம"ன்னோ முடிவு கட்டிடுறது. நானும் அப்படி ஒரு செட்ட தகரம் மாதிரி கத்துதுன்னு மாசக்கணக்கா டிராயர்ல போட்டு வச்சிருந்தேன். அப்புறம் என் தங்கச்சி அத எடுத்து பெரிய டிப் மாட்டி ரெண்டு நாள் கேட்டுட்டு "அண்ணா, இதுக்கு என்ன குறைச்சல்?"னு கேட்டா. வாங்கி கேட்டா நிஜமாவே வேற ஐஇஎம் மாதிரி இருந்துச்சு. என் வலது காதுக்கு மீடியம் சைஸ் பத்தல, ஓரத்துல காத்து கசிஞ்சிருக்கு, அவ்ளோதான் விஷயம்.

இது ஏன்னா, இந்த குட்டி டிரைவர், அதாவது உள்ள இருக்குற ஸ்பீக்கர், காதுக்குள்ள அடைபட்டிருக்குற கொஞ்சூண்டு காத்த தள்ளித்தான் பேஸ் (அடி சத்தம்) குடுக்குது. சின்ன கசிவு இருந்தாலும் முதல்ல போறது பேஸ், ட்ரெபிள் (மேல் சத்தம்) அப்படியே நிக்கும், அதனால சவுண்டு மெலிசா கூர்மையா ஆயிடும். ஸோ சீல், அதாவது டிப் காத்து கசியாம காத அடைக்கிறது, சரியா விழாம ஒரு ஐஇஎம்ம பத்தி நல்லதும் சொல்லக்கூடாது கெட்டதும் சொல்லக்கூடாது.

சீல் செக் பண்ண, ஃபோன்ல ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 40 ஹெர்ட்ஸ் சத்தத்த கம்மி வால்யூம்ல ஓட விடுங்க. ஒவ்வொரு பக்கமா விரலால லேசா உள்ள அமுக்கி பாருங்க, அமுக்குனதும் திடீர்னு பேஸ் பொங்கி வந்தா அந்த பக்கம் கசியுது, டிப் சைஸ் மாத்தணும். ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ் தான் போடணும்னு ஒண்ணும் இல்ல, நிறைய பேருக்கு இடது வலது ஓட்டை வேற வேற அளவு, எனக்கு இப்போ இடதுல மீடியம் வலதுல லார்ஜ். மாட்டும்போது எதிர் கையால காது மேல்பக்கத்த பின்னாடி மேல லேசா இழுத்துட்டு மெதுவா திருகி உள்ள விடுங்க, காது குழாய் கொஞ்சம் நேராகும், டிப் ஒழுங்கா உக்காரும். பஞ்சு மாதிரி அமுங்குற ஃபோம் டிப்னா விரலால உருட்டி ஒல்லியாக்கி உள்ள வச்சு, அது விரியுற வரைக்கும் அரை நிமிஷம் புடிச்சுக்கணும். ஃபோம்ல வெளிச்சத்தம் நல்லா அடங்கும், ட்ரெபிளும் கொஞ்சம் மழுங்கும், அதனால கூர்மையா கேக்குற செட்டுக்கு அது பல நேரம் மருந்து மாதிரி வேலை செய்யும்.

கம்ஃபர்ட்ட பத்து நிமிஷத்துல தெரிஞ்சுக்க முடியாது, ஒரே மூச்சா ரெண்டு மணி நேரம் போட்டு பாருங்க. எங்க வலிக்குதுன்னு கவனிச்சா காரணம் தானா தெரிஞ்சிடும். ஓட்டைக்குள்ள வலிச்சா டிப் பெருசு இல்லன்னா டிப் மாட்டுற குழாய் முனை, அதான் நாசில், தடிமன் (6 மில்லிமீட்டர தாண்டினாலே சின்ன காதுக்காரங்களுக்கு கஷ்டம்தான்). காது மடலோட உள்குழியில ஒரே புள்ளியில குத்துற மாதிரி இருந்தா அது ஷெல்லோட (ஐஇஎம்மோட வெளிக்கூடு) விளிம்பு, டிப் மாத்தி கொஞ்சம் வெளிய தள்ளி உக்கார வச்சா சில சமயம் சரியாகும், ஆகலன்னா அந்த ஷெல் உங்க காதுக்கு இல்ல, பழகிடும்னு சகிச்சுக்க வேண்டாம், திருப்பி குடுத்துடுங்க. காதுக்கு பின்னாடி அறுத்தா கேபிள் கொக்கி, கண்ணாடி போடுறவங்க இத கண்டிப்பா கண்ணாடியோட சேத்து செக் பண்ணணும். உள்ள விடும்போது மெல்லிசா பிளாஸ்டிக் தாள் நொறுங்குற மாதிரி ஒரு சத்தம் வந்தா பயப்படாதீங்க, காத்தழுத்தத்துல டிரைவரோட டயாஃப்ரம் (சத்தம் எழுப்புற மெல்லிசு சவ்வு) வளையுது, மெதுவா மாட்டுனா குறையும். ஆனா மாட்டி ரொம்ப நேரம் ஆகியும் காது அடைச்ச மாதிரியே இருந்தா அந்த ஷெல்லுல காத்து வெளிய போற வழி பத்தல.

சரி இப்போ சவுண்டு. முதல்ல ஃபோன்ல இருக்குற ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், அந்த சரவுண்ட் சமாச்சாரம் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. அடுத்து, பழைய செட்டோட ஒப்பிடும்போது வால்யூம் ஒண்ணா இருக்கணும், இதுல தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ஒரு டெசிபல் கூட இருந்தாலே நம்ம மூளை அதத்தான் நல்ல சவுண்டுன்னு எடுத்துக்கும். அதுவும் இல்லாம சத்தம் கம்மியாகும்போது பேஸ் நம்ம காதுக்கு இன்னும் கம்மியா கேக்கும், இத ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லயே அளந்து காட்டிட்டாங்க. மீட்டர் இல்லன்னா பாடுறவங்க குரல் ரெண்டுலயும் ஒரே அளவு கேக்குற மாதிரி வைங்க, ட்ரம்ம வச்சு மேட்ச் பண்ணாதீங்க.

பேஸ்ல எவ்ளோ அடிக்குதுன்னு பாக்காதீங்க, பிரிஞ்சு கேக்குதான்னு பாருங்க. பேஸ் கிட்டாரோட அடி கம்பி 41 ஹெர்ட்ஸ் கிட்ட தொடங்குது, அந்த நோட் ஒவ்வொண்ணும் மேல கீழ போறது தெரியணும், கிக் ட்ரம்மும் அதுவும் ஒரே குழம்பா கேட்டா மிட்பேஸ் (பேஸோட மேல்பகுதி) வீங்கியிருக்குன்னு அர்த்தம், ஆண் குரலும் அதுல அமுங்கிடும்.

எனக்கு குரல் தான் எல்லாத்தையும் விட முக்கியம், கம்மி விலையில கோட்டை விடுற இடமும் பல நேரம் அதுதான். நம்ம காதோட வடிவமே 3 கிலோஹெர்ட்ஸ் சுத்தி சத்தத்த இயற்கையா தூக்கி குடுக்கும், ஐஇஎம் நேரா குழாய்க்குள்ள போறதால அது கலைஞ்சிடும், டியூன் பண்றவங்க தான் அத திரும்ப சேக்கணும். கம்மியா சேத்தா திரைக்கு பின்னாடி நின்னு பாடுற மாதிரி இருக்கும், கூடிப்போனா பெண் குரல் உச்சத்துக்கு போகும்போது முகம் சுளிக்க வைக்கும்.

ட்ரெபிளுக்கு நம்ம தமிழ் பாட்டே நல்ல டெஸ்ட். ஸ, ஷ வர்ற வரியா தேடி எடுத்து கேளுங்க, அந்த எழுத்து மட்டும் குரலை விட்டு தனியா தெறிச்சு வந்தா 5லிருந்து 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மேடு இருக்கு, அதாவது அங்க சத்தம் தூக்கலா இருக்கு. உடனே ரிஜெக்ட் பண்ணிடாதீங்க, டிப்ப கொஞ்சம் ஆழமாவோ வெளியவோ வச்சு திரும்ப கேளுங்க, எவ்ளோ ஆழம் போகுதுங்கிறத பொறுத்து அந்த மேடு இடம் மாறும். எந்த ஹெர்ட்ஸ்ல எவ்ளோ சத்தம்னு நெட்ல போடுற கிராஃப்ல 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல உள்ளத நான் அவ்ளோவா நம்பாததும் இதனாலதான், அங்க அளக்குற கருவியோட சொந்த அதிர்வும் (ரெசனன்ஸ்) கலந்து வரும்.

குரல் நடுவுல நிக்கலையா? கேபிள கழட்டுற மாதிரி இருந்தா ரெண்டு பக்கமும் மாத்தி மாட்டி கேளுங்க. சாய்வு பக்கம் மாறுச்சுன்னா குத்தம் கேபிள்லயோ ஃபோன்லயோ, மாறலன்னா டிப் சீல் இல்லன்னா டிரைவர். ரெண்டு சின்ன ஊசியால ஐஇஎம்ல சொருகுற 2-பின் கேபிள்ல இன்னொரு வம்பு இருக்கு, ஒரு பக்கம் மட்டும் பின் தலைகீழா போயிட்டா குரல் நடுவுல இல்லாம மண்டைய சுத்தி பரவி வெறுமையா கேக்கும், பேஸ் காணாம போயிடும். கழட்டி சரியான பக்கம் சொருகுனா முடிஞ்சுது.

அஞ்சு டிரைவர், ஏழு டிரைவர்னு டப்பால போட்டிருக்கறத வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒழுங்கா டியூன் பண்ண ஒத்த டைனமிக் டிரைவர் (சாதாரண ஸ்பீக்கர் வகை) எத்தனையோ தடவை ஜெயிச்சிருக்கு. பெரும்பாலான கம்மி விலை ஐஇஎம்முக்கு ஃபோனோ, ஃபோன்ல சொருகுற சாதா டாங்கிளோ (ஹெட்ஃபோன் அடாப்டர்) போதும், தனியா ஆம்ப் (சத்தத்த கூட்டுற கருவி) தேட வேண்டாம்.

ஒரு வாரம் இதையே கேளுங்க, எட்டாவது நாள் பழச ஒரு மணி நேரம் போட்டுட்டு திரும்ப புதுசுக்கு வாங்க, மூளை எதுக்கு பழகிடுச்சு, நிஜமா எது வித்தியாசம்னு அப்போ தான் பிரிஞ்சு தெரியும். கேக்க கேக்க உங்க கை தானா வால்யூம குறைக்க போகுதான்னும் கவனிங்க, அப்படி போனா காதுக்கு அலுப்பு தட்டுது, ட்ரெபிளோ அந்த 3 கிலோஹெர்ட்ஸோ கூடுதல். கூட்டிக்கிட்டே போறீங்கன்னா வெளிச்சத்தம் உள்ள வருது, திரும்ப டிப் தான் பாக்கணும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்குறவங்களுக்கு 80 டெசிபல தாண்டாதீங்கன்னு சொல்லுது, அத மனசுல வச்சுக்கோங்க.

கொஞ்ச மாசம் கழிச்சு ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைஞ்சா டிரைவர் போச்சுன்னு பதறாதீங்க. டிப்ப கழட்டி நாசில் வலைய வெளிச்சத்துல பாருங்க, காது அழுக்கு அடைச்சிருக்கும். வலை கீழ பாத்த மாதிரி புடிச்சுக்கிட்டு காய்ஞ்ச மெல்லிசு பிரஷ்ஷால தட்டி விடுங்க, தண்ணி படக்கூடாது, ஊசியால குத்தவே கூடாது.