விலைச் சுட்டெண்ணை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 ஒக்டோபரில் என் தங்கை தான் வேலை செய்யும் இடத்தில் சம்பள உயர்வு கேட்டாள். “பணவீக்கம்தான் 1.3 சதவீதத்துக்கு இறங்கிவிட்டதே, பிறகு எதற்கு உயர்வு?” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு வெள்ளவத்தை வீட்டில், சோற்றைப் பிசைந்தபடியே, “அண்ணா, அந்த எண் பொய்யா?” என்று கேட்டாள்.

எண் பொய்யில்லை. அதை வாசித்த விதம் பிழை. மின்சாரக் கட்டணச் சிட்டையின் பின்புறத்தில் அவளுக்கு எழுதிக் காட்டினேன். 2021 செப்டெம்பரில் கொழும்பில் ஒரு குடும்பம் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்களை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பங்கள் வழக்கமாக வாங்கும் பொருட்களின் விலை மட்டத்தை ஓர் எண்ணாகக் காட்டுவது விலைச் சுட்டெண், அது ஒரு வருடத்தில் ஏறிய வீதம்தான் பணவீக்கம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ஆகவே 169 ரூபா 80 சதம். அதன்மேல் 1.3 சதவீதம் ஏறினால் 2023 செப்டெம்பரில் ஏறத்தாழ 172 ரூபா. பணவீக்கம் சரிந்தது, விலை சரியவில்லை, ஏறிய உயரத்திலேயே நின்றது. 2024 செப்டெம்பரில் பணவீக்கம் மறை 0.5 சதவீதம் ஆனபோதுகூட, அதாவது விலை சற்று இறங்கியபோதுகூட, அந்தப் பொருட்களின் விலை 171 ரூபாவுக்குத்தான் வந்தது. சம்பளம் பேசும்போதும் வாடகை பேசும்போதும் ஓய்வூதியக்காரரின் கையிருப்பைக் கணக்கிடும்போதும் பார்க்க வேண்டியது சுட்டெண் நிற்கும் உயரம். ஒரு வருட வேகத்தை மட்டும் காட்டிப் பேசுவது உழைப்பவருக்கு அநியாயம்.

அடுத்த தவறு, அடியாண்டை, அதாவது சுட்டெண்ணை 100 என்று வைத்துத் தொடங்கும் ஆண்டை, கவனிக்காமல் எண்களை ஒட்டுவது. நம் சுட்டெண்ணுக்கு 1952 நீண்ட காலம் அடியாண்டாக இருந்தது. பிறகு 2002, 2006/07, 2013 என்று மாறி, 2023 தொடக்கத்திலிருந்து 2021 ஆகிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் சுட்டெண் மறுபடி 100க்குத் திரும்புகிறது. பழைய அட்டவணையின் கடைசி எண்ணுக்குக் கீழே புதியதின் முதல் எண்ணை எழுதினால், விலைகள் ஒரே இரவில் பாதியாகிவிட்டதுபோலத் தோன்றும். இரண்டு தொடர்களுக்கும் பொதுவான ஓர் ஆண்டைப் பிடித்து இணைக்க வேண்டும். உதாரணத்துக்கு, அந்த ஆண்டில் பழைய தொடர் 160, புதியது 100 என்றால், புதிய எண்கள் அனைத்தையும் 1.6ஆல் பெருக்குங்கள். நான் மேலே போட்ட கணக்கிலும் 2022ஆம் ஆண்டு வீதம் 2013 அடியாண்டுக்குரியது, பின்னையவை 2021க்குரியவை. அதனால்தான் ‘ஏறத்தாழ’ என்றேன்.

இணைத்துவிட்டாலும் ஒன்றை மறக்கக் கூடாது: கூடை, அதாவது விலை பார்க்கும் பொருட்களின் பட்டியல், மாறியிருக்கிறது. 1952 சுட்டெண்ணின் கூடை, கொழும்புத் தொழிலாளர் குடும்பங்கள் 1949/50இல் செய்த செலவை வைத்துக் கட்டப்பட்டது. கைத்தொலைபேசி வந்த பிறகும் அந்தக் கூடைதான் பயன்பட்டது. அரை நூற்றாண்டுப் போக்கை ஒரே கோடாக வரைபவர்கள் இதை ஓரத்தில் ஒரு குறிப்பாகவாவது எழுத வேண்டும்.

“2022இல் பணவீக்கம் எவ்வளவு?” என்று கேட்டால் ஒரே விடை இல்லை. ஜனவரியில் 14.2, செப்டெம்பரில் 69.8, டிசெம்பரில் 57.2. இவை முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டவை. பன்னிரண்டு மாதச் சராசரிகளை ஒப்பிட்டால் 46.4. நீண்டகாலப் போக்குக்கு ஆண்டுச் சராசரி நல்லது, ஏனெனில் பண்டிகைக் காலமும் மரக்கறி வரத்தும் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை அது மட்டுப்படுத்தும். ஆனால் ஓர் ஆண்டுக்குச் சராசரியும் அடுத்த ஆண்டுக்கு டிசெம்பர் எண்ணும் எடுத்தால் கணக்கு குழம்பிவிடும்.

வீதங்களைக் கூட்டிப் பிரிப்பதும் வழக்கமான சறுக்கல். முதல் வருடம் 60 சதவீதம் ஏறி, மறுவருடம் ஏறாமல் நின்றால், “வருடத்துக்குச் சராசரி 30” என்கிறோம். இரண்டு வருடமும் 30 ஏறினால் 100 ரூபா 169 ஆகும். உண்மையில் ஆனது 160. சரியான சராசரி 26.5 சதவீதம். புள்ளியையும் சதவீதத்தையும் கலப்பதும் அப்படியே: 150இலிருந்து 165 என்பது 15 புள்ளி, ஆனால் 10 சதவீதம்.

கொழும்புச் சுட்டெண் கொழும்பு மாவட்டத்தின் நகர்ப்புறக் குடும்பங்களுக்கானது. ஹட்டனில் இருக்கும் மாமாவின் செலவையோ யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியம்மாவின் செலவையோ அதை வைத்து அளக்காதீர்கள். அதற்குத் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் இருக்கிறது. அது 2015இல்தான் வெளிவரத் தொடங்கியது என்பதால், அதற்கு முந்திய பல பத்தாண்டுகளைத் தொடர வேண்டுமானால் கொழும்பு எண்ணைத்தான் நாட வேண்டியிருக்கும். அப்போது, “இது கொழும்பு விலை” என்று சொல்லிவிட்டே எழுதுங்கள்.