கல்நார் தூசியில் வேலை பார்த்தீர்களா? முதலில் ஒரு நோட்டை எடுங்கள்

கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் என்றாலே நமக்குக் கூரை ஷீட்தான் ஞாபகம் வரும். ஆனால் பாய்லர் குழாய்க்கு லேகிங் (சூடு வெளியேறாமல் காக்கும் உறை) சுற்றியவர், கேஸ்கட் வெட்டியவர், பழைய பிரேக் டிரம்மைத் திறந்து காற்றடித்துச் சுத்தம் செய்த மெக்கானிக், ஷீட்டைக் கிரைண்டரில் அறுத்தவர் என்று இந்தத் தூசியைச் சுவாசித்தவர்கள் பலர். இருபத்தைந்து வயதில் உள்ளே போனது ஐம்பத்தைந்தில் வேலையைக் காட்டும், அதுதான் இதில் வில்லங்கம்.

இந்த நார் கரையாது, உடம்பால் அதைச் செரிக்கவும் முடியாது. நுரையீரலில் தங்கி மெல்லத் தழும்பாக்கினால் ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோயும் வரலாம், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் வரலாம். மீசோதீலியோமா தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். 'வெள்ளைக் கல்நார் ஒன்றும் செய்யாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; எல்லா வகையுமே புற்றுநோய் உண்டாக்கும்.

சரி, என்ன செய்வது? முதல் வேலை அந்த நோட்டு. எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, எந்தக் கம்பெனி, எந்த காண்டிராக்டர், எந்த செக்‌ஷன், கையால் என்ன செய்தீர்கள், மாஸ்க் கொடுத்தார்களா, கூட வேலை பார்த்தவர்கள் யார் யார், எல்லாவற்றையும் எழுதுங்கள். ஐடி கார்டு, ஈஎஸ்ஐ கார்டு, பிஎஃப் சீட்டு, சம்பள ரசீது, கிடைத்ததையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து அதிலேயே ஒட்டுங்கள். டாக்டரைப் பார்ப்பதற்கும் முந்தின வேலையாக இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது: கம்பெனி மூடிவிடும், காண்டிராக்டர் போன இடம் தெரியாது, நோய் வரும்போது சாட்சிக்கு ஆள் இருக்காது. கல்நார்த் தொழிற்சாலைகள் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லியிருக்கிறது. தொழிற்சாலை இன்னும் ஓடுகிறதென்றால் எழுத்தில் கேளுங்கள், கொடுத்த கடிதத்துக்கு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நோட்டோடு நுரையீரல் டாக்டரிடம் போங்கள். சிகரெட் உண்டா என்று நிச்சயம் கேட்பார், என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்காமலே விடலாம்; நீங்களே சொல்லிவிடுங்கள். மாடி ஏறினால் மூச்சிரைப்பு, விடாத வறட்டு இருமல், நெஞ்சு வலி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். டிபி இல்லை என்று ரிசல்ட் வந்தும் மூச்சிரைப்பு தொடர்ந்தால் கல்நாரைப் பற்றி மறுபடி பேசுங்கள். எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கும் டெஸ்ட், தேவைப்பட்டால் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். எக்ஸ்ரே ஃபிலிமை வீசிவிடாதீர்கள், பத்து வருஷம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும்.

பீடி, சிகரெட்டை விட்டே ஆகவேண்டும். கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு கூடும்.

நோய் உறுதியானால் ஈஎஸ்ஐ உள்ளவர் அங்கேயும், இல்லாதவர் தொழிலாளர் இழப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆஸ்பெஸ்டோசிஸ், கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோய், மீசோதீலியோமா மூன்றுமே தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன.

இன்னொன்று, தூசி படிந்த அந்த உடுப்பை வீட்டில் உதறித் துவைத்தது யார்? மனைவியோ அம்மாவோ, அவர் பெயரையும் அதே நோட்டில் எழுதி, டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.