சிறுநீரக மருந்துச்சிதைவு என்சைம்கள்: ஆண்-பெண் பால், ஸ்ட்ரெயின் (ஆய்வக இனவழி) ஒப்பீட்டை எப்படிச் செய்வது

கல்லீரல் தரவை வைத்துச் சிறுநீரகத்தைக் கணிக்க வேண்டாம். குளோரோஃபார்ம் போன்றவற்றை நச்சுப்பொருளாக மாற்றும் சிஒய்பி2இ1 என்ற என்சைம் சுண்டெலியின் கல்லீரலில் ஆண், பெண் இரண்டிலும் தாராளமாக உண்டு. சிறுநீரகத்திலோ அதை ஏற்றிவிடுவது டெஸ்டோஸ்டிரோன். அதனால்தான் குளோரோஃபார்ம் ஆண் சுண்டெலியின் சிறுநீரகத்தைத் தாக்குகிறது, பெண்ணைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. விதை நீக்கினால் ஆணும் தப்பும்; ஹார்மோன் கொடுத்தால் பெண்ணும் மாட்டும். ஆண்களுக்குள்ளேயே டிபிஏ/2 என்ற ஸ்ட்ரெயின், சி57பிஎல்/6 என்ற ஸ்ட்ரெயினைவிட எளிதில் பாதிக்கப்படும்.

இந்த இரண்டு ஸ்ட்ரெயின், இரண்டு பால் என நான்கு குழுக்கள். குழுவுக்கு 6 விலங்குகள், வயது 10 வாரம். ஒரே ஈற்றுக் குட்டிகளை ஒரே குழுவில் குவிக்காதீர்கள். சேர்ந்து வாழும் ஆண்களில் ஆதிக்கம் செலுத்தும் விலங்குக்கு டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக இருக்கும். ஆண் குழுவில் சிதறல் பெரிதாக வந்தால் முதலில் கூண்டுப் பதிவேட்டைப் பாருங்கள். பட்டினி சிஒய்பி2இ1-ஐக் கூட்டும், ஆகவே தீவனத்தை நிறுத்த வேண்டாம். தேவதாரு, பைன் மரச்சீவல் படுக்கையும் இத்தகைய என்சைம்களைக் கூட்டும், அதுவும் வேண்டாம்.

சிறுநீரகம் வெளிறும்வரை பனிக்குளிர் சலைனைச் செலுத்துங்கள். தங்கும் ஹீமோகுளோபின், இந்த வகை என்சைம்களின் மொத்த அளவைக் காட்டும் கார்பன் மோனாக்சைடு நிறமாலையில் 420 நானோமீட்டர் பக்கம் எழுந்து, என்சைமுக்குரிய 450-இன் சிறிய முகட்டை விழுங்கிவிடும். என்சைம் பெரும்பாலும் சிறுநீரகத்தின் வெளி அடுக்கான புறணியில் இருப்பதால், ஒன்றில் புறணியை மட்டும், இன்னொன்றில் முழு உறுப்பை என்று எடுத்தால் ஒப்பீடே போச்சு.

திசுவின் எடையைப்போல் நான்கு மடங்கு பஃபரில் அரைக்கவும்: 0.1 மோலார் பொட்டாசியம் பாஸ்பேட், பிஎச் 7.4, 0.25 மோலார் சுக்ரோஸ், 1 மில்லிமோலார் இடிடிஏ. புரதம் சிதையாமல் காக்கும் பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் சீக்கிரம் சிதையும். அரைக்கும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். 9,000 ஜியில் 20 நிமிடம், மேல்திரவத்தை 1,05,000 ஜியில் 60 நிமிடம் சுழற்றி, என்சைம் தங்கும் படிவை (மைக்ரோசோம்) 20% கிளிசரால் பஃபரில் கரைத்து, சிறு பங்குகளாக மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். நிறமாலைக்கு ஒரு சுண்டெலியின் பொருள் போதாமல் போகலாம். மூன்றைச் சேர்த்தால் அது ஒரு மாதிரிதான். மூன்று என்று கணக்கெழுதாதீர்கள்.

சிஒய்பி2இ1 செயல்பாட்டை அளக்க, அந்த என்சைம் மாற்றும் பொருளான பாரா-நைட்ரோஃபீனாலைப் பஃபரிலேயே கரைக்கவும். டிஎம்எஸ்ஓ, எத்தனால் இரண்டும் இந்த என்சைமையே தடுக்கும்; ‘பெண்ணில் செயல்பாடே இல்லை’ என்ற முடிவு சில நேரம் கரைப்பானின் வேலை. பெண் மாதிரிகளில் விளைபொருள் மிகக் குறைவு, எனவே நுண்ணளவையும் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி முறை நல்லது.

ஆண், பெண் மாதிரிக் குழாய்கள் இடம் மாறிவிட்டதாகச் சந்தேகமா? திசுத்துண்டில் போமன் உறையை (வடிகட்டும் நுண்குழல் முடிச்சைச் சுற்றிய உறை) பாருங்கள். ஆண் சுண்டெலியில் அதன் உள்விளிம்பில் கனசதுரச் செல்கள் நிற்கும். பெண்ணில் பெரும்பாலும் தட்டைச் செல்கள்.

ஆய்வுவிலங்கை ரேட் என்னும் பெரிய எலிக்கு மாற்றினால் கணக்கு வேறு. பாராசிட்டமாலுக்கு எஃப்344 ஸ்ட்ரெயினின் சிறுநீரகம் பலியாகும், ஸ்பிரேக்-டாவ்லி ஸ்ட்ரெயின் தாங்கும். அங்கே பாராசிட்டமால் பாரா-அமினோஃபீனாலாக மாறும் வழியும் சேர்ந்து வேலை செய்கிறது, அதையும் தனியாக அளக்க வேண்டும்.