கிளவுடிலிருந்து கிளவுடுக்கு: ஆர்க்ளோனை உங்கள் சர்வரிலேயே ஓட்டுவது எப்படி?

ஒரு கிளவுடில் இருக்கும் கோப்புகளை இன்னொன்றுக்கு மாற்றித் தரும் இணையச் சேவைகள் நிறைய உண்டு. இரண்டு கணக்குக்கும் அனுமதி கேட்கும். கொடுத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த அனுமதி டோக்கன் அவர்கள் சர்வரில் இருக்கும், கோப்புகளும் அவர்கள் வழியாகத்தான் போகும். குடும்பப் படங்களும் ஆவண ஸ்கேன்களும் கலந்து கிடந்த ஒரு டிரைவை மாற்ற வேண்டி வந்தபோது எனக்கு அதற்கு மனசு வரவில்லை. கிளவுடுகளுக்கிடையே கோப்புகளை நகலெடுக்கும் கட்டளைவரி மென்பொருளான ஆர்க்ளோனை (rclone) சொந்த சர்வரில் ஓட்டி முடித்தேன்.

லினக்ஸும் எஸ்எஸ்எச்சும் பழக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆர்க்ளோனை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள்; டிஸ்ட்ரோவோடு வருவது பல நேரம் பழைய பதிப்பாக இருக்கும்.

'ஆர்க்ளோன் கான்ஃபிக்' கட்டளை கொடுத்து, புது ரிமோட்டுக்கு (ஆர்க்ளோனில் ஒரு கிளவுட் கணக்கின் இணைப்பு) ஒரு பெயர் வைத்து, கூகுள் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். கிளையன்ட் ஐடி, அதாவது கூகுளிடம் ஆர்க்ளோன் தன்னை அடையாளம் காட்டும் எண், கேட்கும். காலியாக விட்டாலும் ஓடும், ஆனால் விடாதீர்கள். அப்போது எல்லோரும் பகிரும் பொது ஐடியில் ஓடும், வேக வரம்பில் முட்டிக்கொண்டே இருக்கும். கூகுள் கிளவுட் கன்சோலில் ஒரு புராஜெக்ட் தொடங்கி, டிரைவ் ஏபிஐயை இயக்கி, 'டெஸ்க்டாப் ஆப்' வகையில் சொந்த ஐடி எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஏழாவது நாள் நின்றுவிட்டது. லாகில் 'இன்வேலிட் கிராண்ட்' என்று ஒரே வரி. மறுபடி அனுமதி கொடுத்தேன், அடுத்த வாரமும் அதே கதை. காரணம், கூகுள் கன்சோலில் கன்சென்ட் ஸ்கிரீனை (அனுமதி கேட்கும் பக்கத்தின் அமைப்பு) 'டெஸ்டிங்' நிலையிலேயே விட்டிருந்தேன். அந்த நிலையில் ரிஃப்ரெஷ் டோக்கனுக்கு (அனுமதியைத் தானாகப் புதுப்பிக்க உதவுவது) ஆயுள் 7 நாள்தான். 'புரொடக்‌ஷன்' நிலைக்கு மாற்றிவிட்டு, புது டோக்கன் வாங்குங்கள். பழைய டோக்கன் தானாக நீளாது. சரிபார்க்கப்படாத ஆப் என்று எச்சரிக்கை வரும். அது நீங்களே உருவாக்கியது, தயங்காமல் தொடருங்கள்.

அடுத்தது, சர்வரில் பிரவுசர் கிடையாதே? லேப்டாப்பில் 'ஆர்க்ளோன் ஆத்தரைஸ்' ஓட்டி, கிடைக்கும் நீளமான டோக்கனை சர்வரில் ஒட்டலாம். ஒட்டும்போது ஓர் எழுத்து விட்டாலும் போச்சு. அதனால் எனக்குப் பிடித்தது எஸ்எஸ்எச் டனல் (எஸ்எஸ்எச் இணைப்பு வழியே போர்ட்டைக் கடத்துவது): லேப்டாப்பின் 53682 போர்ட்டை சர்வரின் அதே போர்ட்டோடு இணைத்து, ஆர்க்ளோன் தரும் முகவரியை லேப்டாப் பிரவுசரில் திறந்தால் போதும்.

இரண்டாவது கணக்கையும் இப்படியே சேர்த்த பிறகு, மாற்றுவதற்கு 'காப்பி' கட்டளையைப் பயன்படுத்துங்கள். 'சிங்க்' வேண்டாம், மூலத்தில் இல்லாததையெல்லாம் போகும் இடத்தில் அழித்துவிடும். எதுவானாலும் முதலில், எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் 'டிரை ரன்' போட்டுப் பாருங்கள். டெர்மினல் அமர்வை சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் டீமக்ஸுக்குள் ஓட்டினால் இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது. தரவு உங்கள் சர்வருக்குள் இறங்கித்தான் மறுபடி ஏறும், ஆகவே பேண்ட்விட்த் இரண்டு பக்கமும் செலவாகும். கூகுள் டிரைவுக்குள் ஏற்றுவதென்றால் ஒரு நாளைக்கு 750 ஜிபிதான். முடிந்ததும், இரண்டு பக்கக் கோப்புகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் 'செக்' ஓட்டாமல் பழையதில் எதையும் அழிக்காதீர்கள்.

கான்ஃபிக் கோப்பில் டோக்கன் அப்படியே படிக்கும்படி இருக்கும். கான்ஃபிக் மெனுவிலேயே கடவுச்சொல் வைக்கலாம், வையுங்கள்.

பின்சேர்க்கை: ஆர்க்ளோனை டாக்கரில் (மென்பொருளைத் தனிக் கன்டெய்னருக்குள் ஓட்டும் கருவி) ஓட்டிய வாசகர் ஒருவருக்கு, புதுப்பித்த டோக்கனைச் சேமிக்க முடியவில்லை என்று பிழை வந்தது. கான்ஃபிக் கோப்பை மட்டும் கன்டெய்னருக்குள் மவுண்ட் செய்திருந்தார், அதாவது உள்ளே தெரியும்படி இணைத்திருந்தார். ஆர்க்ளோன் தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றும் என்பதால், முழு ஃபோல்டரையும் எழுதும் அனுமதியோடு மவுண்ட் செய்யவேண்டும். மாற்றியதும் சரியாகிவிட்டது.

இதற்கு முன் வேறு மாற்றுச் சேவை எதற்காவது அனுமதி கொடுத்திருந்தால், கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் அதை இன்றே நீக்கிவிடுங்கள்.