பூக்களை அழுத்தி உலர்த்தும் கோடைக் கைவினை: மதுரைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறையில் பூக்களைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, வாழ்த்து அட்டை செய்யக் கற்றுத் தரும்போது, மதுரையில் பலரும் முதலில் எடுப்பது மல்லிகையைத்தான். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்குச் சந்தையில் மதிப்பைத் தருவது அதன் தடித்த இதழ். ஆனால் அந்தத் தடிப்பே நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அழுத்திய சில நாள்களிலேயே பூ பழுப்பேறிவிடும். ஆசையோடு காத்திருந்த பிள்ளை அதைக் கண்டு சோர்ந்து போகும். மல்லிகையைத் தலையில் சூட்டிவிட்டு, மெல்லிய இதழுள்ள பூவைத் தேடுவதே சரி.

அதற்குக் காகிதப்பூவை விடச் சிறந்தது இல்லை. நாம் இதழ் என்று எண்ணும் அந்த வண்ணப் பகுதி உண்மையில் உருமாறிய இலை. அதில் ஈரம் மிகக் குறைவு. நடுவில் குச்சிபோல் நிற்கும் சிறு குழலே உண்மையான பூ என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, மூன்று வண்ண இலைகளையும் தனித்தனியே பிரித்து அழுத்தலாம். சித்திரையில் சரம் சரமாகத் தொங்கும் சரக்கொன்றை, வேலியோரச் சங்குப்பூ, புளிய இலை ஆகியவையும் நன்றாக அமையும். செம்மயிற்கொன்றையை முழுப்பூவாக அழுத்துவது தவறு. அதன் ஐந்து இதழ்களையும், குறிப்பாக வெண்மையும் மஞ்சளும் கலந்து கோடு கோடாக இருக்கும் அந்த ஓர் இதழையும், பிரித்து உலர்த்தி அட்டையில் மீண்டும் சேர்க்க வேண்டும்.

அழகாக இருக்கிறது என்று அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, செங்காந்தள் ஆகியவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. உலர்ந்த பிறகும் அரளியின் நஞ்சு போவதில்லை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு உண்டாகும். மற்ற தவறுகளால் ஒரு பூதான் வீணாகும். இதில் அப்படி இருந்துவிட முடியாது.

வெயில் கொளுத்துகிறதே என்று வற்றல் போல மொட்டை மாடியில் காயப்போடுவதும் தவறு. வெயில் நிறத்தை வெளிறச் செய்யும், இதழும் சுருண்டுகொள்ளும். ஈரத்தைத் தாள்தான் உறிஞ்ச வேண்டும். ஆகவே பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் பூவைப் பறித்து, பழைய நோட்டுத் தாளிடையே பரப்பி, கனமான புத்தகங்களின் அடியில் நிழலில் வைக்க வேண்டும். வழவழப்பான வார இதழ்த் தாள் ஈரத்தை உறிஞ்சாது. செய்தித்தாளின் மை வெளிர் இதழில் ஒட்டிக்கொள்ளும். முதல் சில நாள்கள் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அப்படி மாற்றும்போது பூவைத் தொட்டிருக்கும் உள்தாளை அசைக்காமல் வெளித்தாள்களை மட்டும் மாற்றினால் இதழ் கிழியாது. இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு லேமினேட் செய்தால் மிச்சமிருக்கும் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூ கறுத்துவிடும்.

பசையைத் தாராளமாகப் பூசுவதும் இதே கேட்டைத்தான் விளைவிக்கும். பசையில் உள்ள நீர் மீண்டும் இதழுக்குள் இறங்கும் என்பதால், பல்குத்தும் குச்சியின் நுனியால் இரண்டு மூன்று புள்ளிகள் வைத்தாலே போதும்.

பறிப்பதை வீட்டுச் செடியோடும் உதிர்ந்த பூக்களோடும் நிறுத்திக்கொள்ள வேண்டும். அழகர்மலைக் காட்டிலும், 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியிலும் பார்ப்பதோடு சரி.

செம்மயிற்கொன்றையின் சிவப்பு உலரும்போது கருஞ்சிவப்பாகும் என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. இல்லையெனில் தாங்கள்தான் கெடுத்துவிட்டதாக அவர்கள் எண்ணிக்கொள்வார்கள்.