ஏரிக்குப் போகும் உரச்சத்தைக் கரையிலேயே நிறுத்துவது எப்படி?

ஏரி பச்சைப் பசேலென்று பாசி பிடித்துக் கிடந்தால் எல்லோரும் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது சுற்றியிருக்கும் நிலத்தை. வயலிலும் தோட்டத்திலும் மிஞ்சிய உரம், கழிவுநீர், சாணம் இவற்றிலிருந்து வரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்)தான் பாசிக்குத் தீனி. பெருகிய பாசி மடிந்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, மீன்கள் செத்து மிதக்கின்றன. கடலும் தப்பவில்லை. மிசிசிப்பி ஆறு கொண்டுவந்து கொட்டும் சத்தால் மெக்சிகோ வளைகுடாவில் கோடைதோறும் இப்படி ஆக்சிஜன் வற்றிய பெரும் பரப்பு உண்டாகிறது.

உள்ளே போன சத்தை வெளியே எடுப்பது பெரும்பாடு. மணிச்சத்து அடிச்சேற்றில் தங்கிவிடும், அங்கே ஆக்சிஜன் குறையும்போதெல்லாம் மறுபடி தண்ணீரில் கலக்கும். அதனால் நம் வேலை கரையில்தான்.

படி 1: நல்ல மழை பெய்யும்போது குடையோடு நிலத்தைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எந்த மூலையில் வெளியேறுகிறது, எங்கே செம்மண் நிறத்தில் கலங்கி ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மணிச்சத்து பெரும்பாலும் மண் துகளில் ஒட்டிக்கொண்டு இந்தக் கலங்கலோடுதான் போகிறது. தழைச்சத்தின் வழி வேறு. அது நைட்ரேட்டாகக் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தடிக்கு இறங்கிவிடும். ஒரே தடுப்பு இரண்டுக்கும் போதாது என்பதை இப்போதே மனதில் வையுங்கள்.

படி 2: உரம் வாங்குமுன் மண் பரிசோதனை. வரப்போரம், எருக்குழி அருகே, அண்மையில் உரமிட்ட இடம் இவற்றை விட்டுவிட்டுப் பல இடங்களில் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து அரை கிலோ மண் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் போதும்.

படி 3: முடிவு சொன்ன அளவை மட்டும் இடுங்கள். 50 கிலோ யூரியாவில் 23 கிலோ தழைச்சத்து இருக்கிறது. மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டினால் இளம்பயிரால் எடுக்க முடியாது, மிச்சம் தண்ணீரோடு போய்விடும். அடியுரம், மேலுரம் என்று பிரித்துப் போடுங்கள். மண்ணின் மேல் கிடக்கும் யூரியாவில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடுவதால் மண்ணோடு கிளறிவிடுங்கள். கனமழை வரும் என்றால் அன்றைக்கு உரமே வேண்டாம். தொழுவுரம் போட்டிருந்தால் அதிலுள்ள சத்தையும் கணக்கில் கழியுங்கள். மண்ணில் மணிச்சத்து போதுமான அளவு இருந்தும் பழக்கத்துக்காக டிஏபி (மணிச்சத்து மிகுந்த உரம்) போடுவதை நிறுத்தினாலே ஏரிக்குப் பெரிய நன்மை.

படி 4: நீரோட்டத்தின் ஓரத்தில் சில மீட்டர் அகலத்துக்கு உழாமல், உரமிடாமல், அடர்த்தியான பல்லாண்டுப் புல் வளர விடுங்கள். சரிவு கூடினால் அகலமும் கூட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: தண்ணீர் ஒரே வாய்க்காலாகப் புல்லைக் கிழித்துக்கொண்டு ஓடினால் அங்கே எதுவும் தங்காது. மழையில் போய்ப் பார்த்து, அந்த இடத்தை மேவி, தண்ணீர் பரவலாகப் புல்லுக்குள் நுழையும்படி செய்யுங்கள். வேகம் குறைந்தால்தான் மண் படியும்.

படி 5: வீட்டில் பாஸ்பேட் இல்லாத சலவைத்தூள். செப்டிக் டேங்க் நிரம்பி வழியுமுன் சுத்தம் செய்யுங்கள், அதன் தண்ணீரை மழைநீர் வடிகாலில் விடாதீர்கள்.

படி 6: பலன் தெரிகிறதா என்று அளந்து பாருங்கள். 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தகட்டை நான்காகப் பிரித்து கறுப்பு, வெள்ளை மாற்றி மாற்றிப் பூசுங்கள். அடியில் எடை கட்டி, அளவு குறித்த கயிற்றில் நட்டநடுப் பகலில் நிழல் பக்கமாக இறக்குங்கள். மறையும் ஆழம், தூக்கும்போது மறுபடி தெரியும் ஆழம் இரண்டின் சராசரிதான் தெளிவளவு. இதற்குப் பெயர் செக்கி தட்டு. மழை பெய்த மறுநாள் அளக்காதீர்கள், மண் கலங்கல் கணக்கைக் கெடுத்துவிடும். தண்ணீரில் பச்சைப் பெயின்ட் போல ஏடு படிந்திருந்தால் கையே வைக்க வேண்டாம். சில நீலப்பச்சைப் பாசிகளின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது.

அமெரிக்காவின் சியாட்டிலை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் 1960களில் கழிவுநீரைத் திருப்பிவிட்டார்கள். சுமார் ஒரு மீட்டராக இருந்த தெளிவு 1970களின் பிற்பகுதிக்குள் பல மீட்டராக உயர்ந்தது. ஆழம் குறைந்த, அடிச்சேறு கனத்த ஏரிகளுக்கு இன்னும் நாள் பிடிக்கலாம். அதனால் போன மாதத்தோடு ஒப்பிடாமல், போன வருடம் இதே மாதத்தில் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள்.